வால்வ் முதலில், டிரான்சிஸ்டர் பிறகு

எல்லாவற்றுக்கும் பேர் எழுதி ஒட்டிவைத்த என் அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, வருஷாப்திகம் நெருங்கிவிட்டது. பேப்பரில் உன் போட்டோவைப் போட்டு, கீழே நாலு வரி எழுதலாமே என்று தெருவில் சொன்னார்கள். உட்கார்ந்தேன். 'அன்பும் பண்பும் நிறைந்த' என்று முதல் வரி வந்தது. அடித்துவிட்டேன். அன்பு இருந்தது, அதை மறுக்கவில்லை. பண்பு நிறைந்தவன், தங்கை ஆசைப்பட்டு வாங்கி வந்த ஆம்ப்ளிஃபயரைத் தகர டப்பா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவானா?

நாலு வரியில் நீ அடங்கமாட்டாய். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். நம் தெரு சமாஜத்து மலரில் போடுகிறார்களாம். நாலு பேர் படிக்கட்டும். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன் அண்ணா. உன் கடைசி நாட்களில் உன்னை ஏமாற்றினேன். எல்லார் காதிலும் விழும்படி சொன்னால்தான் பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடிப்பேன்.

முதலில் சேதிகள். இந்த மழைக்குக் கரமனை ஆற்றில் தண்ணீர் ஏறி, தெருக்கோடி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அம்மன் கோயில் பொங்கலைக்கு நம் வாசலில் ஏழு அடுப்பு. யார் யாரோ வந்து வைத்தார்கள், எல்லோருக்கும் மோர் கரைத்துக் கொடுத்தேன். அடுத்த வீட்டு மாமி மகளோடு சென்னைக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி ஜோடி ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது. நல்ல பெண், 'ஆன்ட்டி, சுகமாணோ?' என்று தினமும் கேட்கிறாள். நானும் மலையாளத்திலேயே சுகம் என்று சொல்லிவைக்கிறேன்.

பால்காரரிடம் மலையாளம், பாங்கில் மலையாளம், டாக்டரிடம் மலையாளம். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது திடீரென்று தோன்றியது, திங்கட்கிழமைக்குப் பிறகு நான் வாய்திறந்து ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. ஸ்லோகம் சொன்னேன், அது சமஸ்கிருதம். உடனே சமையலறைக்குப் போய் நின்றுகொண்டு, "உப்பு எங்கே வச்சிருக்கு?" என்று சத்தமாகக் கேட்டேன். ஜாடியில் நீ ஒட்டிய பிளாஸ்திரியில் 'உப்பு' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

உன்னைத் தெரியாதவர்கள் படிப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணா கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டராக இருந்தவன். பேர் எழுதாத பாட்டிலைக் கண்டால் உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுவான். "பேர் ஒட்டாதவன் கம்பவுண்டர் இல்லை, கொலைகாரன்" என்பான். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தான். வெள்ளைப் பிளாஸ்திரியைக் கத்தரித்து, நீலப் பேனாவால் எழுதி, உப்பு, புளி, குடை, டார்ச் லைட் என்று ஒன்று விடாமல் ஒட்டினான். அவனும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, நானும் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா விட்டுப்போன இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு பென்ஷன், ஒரு பாட்டு கேட்கிற செட்.

அந்த செட்தான் விஷயம். ஞாபகம் இருக்கிறதா அண்ணா, முதலில் அது இரண்டு செட்டாக இருந்தது?

உன்னுடையது ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பழைய சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாங்கிய வால்வ் ஆம்ப்ளிஃபயர். மேலே வால்வ் என்கிற கண்ணாடிக் குழல்கள், உள்ளே செம்மஞ்சளாக எரியும். இரண்டு ஆள் தூக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் அடுப்பங்கரை மாதிரி காய்ந்தது. என்னுடையது ஆபீசில் எனக்கு ப்ரமோஷன் வந்த வருஷம் வாங்கிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். கறுப்பாக, ஒல்லியாக, சூடு இல்லாமல், சொன்ன வேலையைச் செய்துகொண்டு தன்பாட்டில் கிடந்தது. என்னை மாதிரி என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"டிரான்சிஸ்டர்ங்கறது வெறும் மருந்துப் பொடியாக்கும். வால்வ் தேன். தேன்ல குழைச்சாத்தான் உள்ளே இறங்கும்" என்று நீ ஆரம்பிப்பாய்.

"தேன் இல்லாட்டாலும் மருந்து கேட்கும்" என்பேன் நான். "உனக்கு அந்த வெளிச்சத்தைப் பாக்கணும். கண்ணை மூடிண்டு கேளு, எது எதுன்னு சொல்லு பாப்போம்."

நீ கண்ணை மூடவே இல்லை. அதுதான் எனக்குக் கோபம். எத்தனை வருஷம் இந்தச் சண்டை? எனக்குத் தலை கறுப்பாக இருந்தபோது தொடங்கியது.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் உன் வால்வ் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, கூடம் முழுக்கப் புகை. நீ அதன் எதிரே துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். ரிப்பேர் பார்க்க வந்த ஜெபராஜ், பாறசாலைக்காரன், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"சாமி, முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கரை ஓட்டுற பின்பக்கந்தான் போச்சு. முன்னால உங்க வால்வு, பின்னால மாமிக்க டிரான்சிஸ்டரு. ரெண்டையும் சேத்துப் போட்டா என்னவாம்?"

நீ அவனைப் பார்த்த பார்வை, ஜாதகம் பொருந்தாத இடத்தில் சம்பந்தம் பேச வந்தவனைப் பார்ப்பது போல இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் சரி என்றாய். ஜெபராஜ் பழைய பெட்டியின் முன்பாகத்தை மட்டும் எடுத்து, இரண்டு வால்வ் வெளியே தெரியும்படி ஒரு சின்ன மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தான். அதில் ஒரு சுவிட்ச்தான், திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. சிடி பிளேயரிலிருந்து வரும் பாட்டு முதலில் அந்த வால்வுக்குள் போய், அங்கிருந்து என் டிரான்சிஸ்டருக்கு வந்து, பலம் ஏறி ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது என் பெட்டியில். சுவிட்ச் உனக்கு, வால்யூம் எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம். பின்னால் ஓடும் ஒவ்வொரு வயருக்கும் நீ பிளாஸ்திரி ஒட்டினாய். 'சிடி — வால்வ்.' 'வால்வ் — டிரான்சிஸ்டர்.' 'டிரான்சிஸ்டர் — இடது ஸ்பீக்கர்.' எங்கிருந்து எங்கே என்று, மருந்துச் சீட்டு மாதிரி.

முதல் நாள் உனக்குப் பிடித்த வீணை சிடியைப் போட்டோம். நன்றாக இருந்தது என்பதுதான் உண்மை. ஆனால் அது வால்வினாலா, டிரான்சிஸ்டரினாலா என்று மறுநாள் காலையே சண்டை ஆரம்பித்துவிட்டது.

தினமும் ஐந்து மணி. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நீ வால்வைப் போடுவாய். அது சூடாகிற நேரத்தில் நான் காபி கலப்பேன். காபியோடு வந்து நான் டிரான்சிஸ்டரைப் போடுவேன். முடிக்கும்போது தலைகீழ். முதலில் டிரான்சிஸ்டரை அணைக்க வேண்டும், கடைசியில் வால்வை. மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'தொம்' என்று ஒரு சத்தம் வரும், ஓட்டின்மேல் தேங்காய் விழுந்த மாதிரி. நான் இரண்டு தடவை அப்படிச் செய்து, இரண்டு தடவையும் நீ ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

"வால்வ் முதல்ல வரும், கடைசியில போகும். வீட்டுக்குப் பெரியவா மாதிரி. மறக்காதே" என்று சொல்லிக்கொடுத்தது நீதான். ஆனால் நீ முதலில் வந்து முதலிலேயே போய்விட்டாய். உன் சட்டத்தை நீயே மீறினாய், கேட்பதற்கு யாரும் இல்லை.

இனி நான் சொல்ல வேண்டியது.

உன் இருதயம் பலவீனமாகிவிட்டது, படுக்கையிலிருந்து எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, உன் கட்டிலைக் கூடத்தில் செட்டுக்கு எதிரே போட்டோம். உனக்கு அந்த ஐந்து மணி ஒன்றுதான் மிச்சம். உன் சுவிட்சும் என் கைக்கு வந்தது. நீ கட்டிலில் சாய்ந்தபடி, "இப்போ போடு, இப்போ காபிக்குப் போ, இப்போ உன்னோடதைப் போடு" என்று அதிகாரம் பண்ணுவாய். அது எனக்குப் பிடித்திருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

அப்போது பார்த்து ஒரு வால்வ் கெட்டது. வீணைக்கு நடுவே எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். நீ காதைப் பொத்திக்கொண்டு, "அணை, அணை" என்றாய். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் நீ மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் தூங்கும்போது ஜெபராஜ் வந்து பார்த்தான்.

"புது வால்வு வெளியூர்லேர்ந்து வரணும் மாமி. ஒரு மாசம் பிடிக்கும்."

ஒரு மாசம் உனக்கு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவனிடம் சொல்லவும் முடியவில்லை. "ஒரு வயர் எடுத்து சிடி பிளேயர்லேந்து நேரா என்னோட டிரான்சிஸ்டருக்குப் போடு" என்றேன். "வால்வ் பெட்டி பாட்டுக்கு எரிஞ்சிண்டு இருக்கட்டும். பாட்டு அது வழியா போக வேண்டாம்."

அவன் உன்னைத் திரும்பிப் பார்த்தான். நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். "சாமி கண்டுபிடிச்சிருவாரே."

"கண்டுபிடிக்கட்டும். வால்வ் வந்ததும் மாத்திடலாம்."

அன்று ஐந்து மணிக்கு, வழக்கம்போல வால்வ் முதலில், பிறகு காபி, பிறகு டிரான்சிஸ்டர். எதிலும் குறை வைக்கவில்லை. வீணை ஆரம்பித்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். நாற்பது வருஷமாக மூடு மூடு என்று நான் சொல்லி மூடாத கண்ணை அன்றைக்கு நீயாக மூடினாய். பத்து நிமிஷம் கழித்து, "கேட்டியோ ருக்கு? ஜெபராஜ் கை வச்சா வச்சதுதான். இதாக்கும் வால்வ். உன் தகர டப்பாவுக்கு இந்தத் தேன் வருமோ?" என்றாய்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன் அண்ணா. உனக்கு உடம்பு முடியாமல் இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் உனக்கே வித்தியாசம் தெரியவில்லை, அத்தனை வருஷமும் நான் சொன்னதுதான் சரி. அந்தச் சிரிப்பைத்தான் நீ போன இந்தப் பதினோரு மாதமாக என்னால் விழுங்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் புது வால்வ் வந்தது. பஞ்சுக்குள் சுற்றி, கட்டைவிரல் அளவில், சின்ன அட்டைப் பெட்டியில். நான் அதை ஜெபராஜிடம் கொடுக்கவில்லை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். நீ தேறி எழுந்து உட்காரும் ஒரு நாளில், உன் உள்ளங்கையில் அதை வைத்து, "இத்தனை நாள் நீ கேட்டது என்னோட தகர டப்பாவை மட்டும்" என்று சொல்ல வேண்டும். உன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இந்த ஆசைக்காக வைத்திருந்தேன். நீ தினமும் வால்வைப் புகழ்ந்தாய். நான் தினமும் 'உம்' கொட்டினேன். தேறி எழுந்து உட்காரும் நாள் வரவில்லை.

நடுவில் ஒரு தப்பு செய்தேன். அடுப்பில் குக்கர் கூவிக்கொண்டிருந்த அவசரத்தில், பாட்டு முடிந்ததும் கை தவறி முதலில் வால்வை அணைத்துவிட்டேன். அணைத்த பிறகுதான் உறைத்தது. 'தொம்' வர வேண்டும். வரவில்லை. எப்படி வரும், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இப்போது சம்பந்தமே இல்லையே. சுவிட்சில் வைத்த விரலோடு அப்படியே நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதில்லை.

நீ கண்ணைத் திறந்தாய். ஸ்பீக்கரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"ருக்கு, குக்கர் ஒரு விசில் ஜாஸ்தி போயிடுத்து, பாரு" என்றாய்.

நான் ஓடினேன். அவ்வளவுதான் நடந்தது. நீ கவனித்தாயா, கவனிக்கவில்லையா? மறுநாளும் நீ வால்வைப் புகழ்ந்தாய். அதனால் கவனிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்து ஆரியசாலைக்கு வெல்லமும் பருப்பும் வாங்கப் போய், பஸ் கிடைக்காமல் நேரமாகித் திரும்பினேன். கட்டில் காலி. நீ செட் வைத்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பனியன் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே அங்கே?" என்று கத்தினேன்.

"கண்ணாடி விழுந்துடுத்து. எடுக்கலாம்னு வந்தேன்."

கண்ணாடி உன் மூக்கின்மேலேயே இருந்தது. உனக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். உன்னை ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, பின்கட்டில் போய் அழுதேன். நீ திட்டு வாங்கிக்கொண்டு ஏன் அப்படி ஒரு திருப்தியாகப் படுத்திருந்தாய் என்று அப்போது யோசிக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாவது வாரம் நீ போய்விட்டாய். முந்தின நாள்கூட ஐந்து மணிக்கு வீணை கேட்டாய். "நன்னா இருக்கு" என்றாய். நான் 'உம்' கொட்டினேன்.

அதற்குப் பிறகு செட்டைத் தொடவில்லை. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டேன். ஐந்து மணிக் காபியையும் விட்டுவிட்டேன். நாலு மணிக்கே குடித்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். தனியாக இருக்கிறேன் அண்ணா. அதைச் சுற்றிவளைத்துச் சொல்வானேன். சாப்பாடு, தூக்கம், மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. சண்டை போடத்தான் ஆளில்லை. நான் சொல்வதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். வயசானவளிடம் யார் எதிர்த்துப் பேசப் போகிறார்கள்?

அந்தத் தனிமையில் இது ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. நம்பினவனை ஏமாற்றினேன். வாய்க்கரிசிக்கு முன்னால் நீ கேட்ட கடைசிப் பாட்டு, நீ நினைத்த பாட்டு இல்லை. உப்பும் சர்க்கரையும் மாறிவிடக் கூடாது என்று பேர் ஒட்டினவனுக்கு, பேர் மாற்றிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. தெரிந்திருந்தால் நீ கோபப்பட்டிருப்பாயா, சிரித்திருப்பாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்? எதிர்வீட்டுப் பெண்ணிடமா?

வருஷாப்திகம் வருகிறது என்றதும் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த வயரை எடுத்துவிட்டு, புது வால்வைப் போட்டு, உன் வால்வ் வழியாகவே பாட்டு போகும்படி செய்துவிட வேண்டும். அந்த நாளுக்கு முன்னால் ஒரு தடவையாவது வீணை சரியான பாதையில் போக வேண்டும். பரிகாரம் என்று வைத்துக்கொள். போன செவ்வாய்க்கிழமை ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தான். பீரோவிலிருந்து வால்வை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது அப்பவே வந்துட்டுதா மாமி?" என்று கேட்டான். தலையாட்டினேன். அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

ஸ்டாண்டை முன்னால் இழுத்தான். பின்பக்கம் ஒட்டடை, இரண்டு பல்லி முட்டை, உன் வயர்கள். பிளாஸ்திரிகள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக ஒதுக்கினான். பிறகு டார்ச்சைக் கையில் எடுத்தான்.

"மாமி, இந்த வயருக்கும் சாமி பேர் எழுதி ஒட்டியிருக்காரே."

"எந்த வயருக்கு?"

"அன்னைக்கு நீங்க சொல்லி நான் போட்டேன் இல்லையா, அந்த வயருக்கு. நான் ஒண்ணும் ஒட்டல்லை. என்னமோ நெறைய எழுதியிருக்கு. எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், பைபிள்கூட மலையாளத்துலதான் வாசிப்பேன். நீங்களே நோக்குங்க."

கண்ணாடியைத் தேடினேன். அது என் மூக்கின்மேலேயே இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன், நீ அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடத்தில். அவன் டார்ச் அடித்தான். மற்ற பிளாஸ்திரிகளில் உன் எழுத்து நேர்கோட்டில் நிற்கும். இதில் எழுத்து சரிந்து, கடைசியில் பேனா தடுமாறி இருந்தது. இந்தப் பிளாஸ்திரி மட்டும் இன்னும் மஞ்சளாகாமல் வெள்ளையாக இருந்தது.

'சிடி — டிரான்சிஸ்டர். ருக்கு போட்டது. இருக்கட்டும்.'

மூன்று தடவை படித்தேன். "என்னவாம் எழுதியிருக்கு?" என்று ஜெபராஜ் கேட்டான். சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவன் டார்ச்சை அணைத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ சாமிக்குத் தெரியுமா?"

அவன் முன்னால் அழக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எந்தப் பானை குடிநீர் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அதையும் நீ தமிழில்தான் எழுதி ஒட்டியிருந்தாய்.

எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த நீ, நான் ஆரியசாலையில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில், கட்டிலிலிருந்து இறங்கி, பிளாஸ்திரியும் கத்தரியும் பேனாவும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு வயருக்குப் பேர் ஒட்டியிருக்கிறாய். கத்தரியை எங்கே ஒளித்தாய்? பேனாவை? பேர் இல்லாமல் ஒரு வயர் இருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா, அல்லது என்றாவது ஒரு நாள் நான் அதைப் பிடுங்க வருவேன் என்று தெரியுமா? என் தமையனே, ஏன் வாய்திறந்து சொல்லவில்லை?

"அப்போ வயரை எடுக்கவா, விடவா மாமி?" என்று ஜெபராஜ் கேட்டான்.

"இருக்கட்டும்" என்றேன்.

அவன் ஒட்டடையை மட்டும் தட்டிவிட்டு, ஸ்டாண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போனான்.

அன்று ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வால்வைப் போட்டேன். அந்தக் கெட்டுப்போன வால்வ்தான், ஒன்றும் அதன் வழியாகப் போவதில்லை, ஆனால் அழகாக எரிகிறது. சூடாகட்டும் என்று காபிக்குப் போனேன். காபியோடு வந்து டிரான்சிஸ்டரைப் போட்டேன். வீணை ஆரம்பித்தது. உன் கட்டில் இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தேன் இருந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தனிமை போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். கண்ணைத் திறந்தபோது கூடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் முடிந்ததும் டிரான்சிஸ்டரை முதலில் அணைத்தேன். வால்வைக் கடைசியில்.

இப்போது ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. உனக்கு எப்போது தெரிந்தது? முதல் நாளே, கண்ணை மூடிக் கேட்டபோதே, காதில் தெரிந்துவிட்டதா? அப்படியென்றால் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் வித்தியாசம் இருக்கிறது, இத்தனை வருஷமும் நீ சொன்னதுதான் சரி. தங்கை மனம் நோகக் கூடாதென்று அன்றிலிருந்து பொய்ப் புகழ்ச்சி புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறாய், நான் சமையலறையில் சிரித்தபோது நீ கூடத்தில் சிரித்திருக்கிறாய். இல்லை, அந்தத் 'தொம்' வராததால்தான் தெரிந்ததா? அப்படியென்றால் அதுவரை நீ ஏமாந்துதான் போனாய். நான்தான் ஜெயித்தேன்.

எது என்று நீ எழுதி ஒட்டவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். நீ இப்படித்தான் செய்வாய். செவ்வாய்க்கிழமையிலிருந்து இதை வைத்துத் தினமும் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், வாய்விட்டு, நம் பாஷையில். எதிர்வீட்டுப் பெண் நேற்று வந்து, விருந்தாளி யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த வயர் அப்படியே இருக்கும், நான் உள்ள வரை யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள். தினமும் ஐந்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வால்வைப் போட்டுவிட்டுத்தான் காபிக்குப் போவேன், அதன் வழியாக ஒன்றும் போகாவிட்டாலும். புது வால்வைப் புடவைகளுக்கு நடுவிலிருந்து எடுத்து ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டேன். உன் மேஜை டிராயரில் மிச்சமிருந்த பிளாஸ்திரியைக் கத்தரித்து, வாழ்க்கையில் முதல்தடவையாக நானும் ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'புது வால்வ். அண்ணா கேட்டால் கொடுக்க.'

தோற்றதாக இன்னும் ஒப்புக்கொள்ளாத உன் தங்கை,
ருக்கு
கரமனை